ஐந்துக்கு ஒன்றரை

அத்தியாயம் 11

சொந்தக் கொழுந்தன் ஊரறியத் தன் நாவலுக்கு ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம் போட்ட அதே வாரத்தில், அவன் இலைக்கும் சேர்த்து எள்ளுருண்டை பிடிக்க வேண்டியிருந்தது தீபலட்சுமிக்கு.

மாமனார் யக்ஞநாராயணனின் திவசம். விடியுமுன்பே தலைக்குக் குளித்து, மடிசார் கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்தவள்தான். வாழைக்காய், பாகற்காய், பிரண்டைத் துவையல், வடை, பாயசம் என்று ஒவ்வொன்றாக இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை. திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

கொழுந்தன் பத்ரி அதே செம்பாக்கத்து வீட்டின் மாடிப் போர்ஷனில் இருக்கிறான். சிறுசேரியில் ஐ.டி. வேலை. கல்யாணம் இன்னும் கூடி வரவில்லை. சனி ஞாயிறுகளில் கேமரா முன்னால் உட்கார்ந்து மர்ம நாவல், பேய்க்கதை, க்ரைம் கதை என்று விமர்சனம் செய்வான். இலக்கியக்காரர்கள் அந்த வகைக் கதைகளைச் சீந்துவதில்லை. அதனால் எழுதுகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் பத்ரியின் சேனல்தான் கோர்ட்டு, கச்சேரி எல்லாம்.

போன வாரம் அந்தக் கோர்ட்டில் ஏறியது மன்னியின் இரண்டாவது நாவல், 'செம்பாக்கம் ஏரிக் கொலை'. எழுதியவள் தன் மன்னி என்று பத்ரி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொலைகாரன் யார் என்பதைப் போட்டு உடைத்துவிட்டு, இதைக் கண்டுபிடிக்கப் போலீஸ் எதற்கு, பால் போடுகிறவரே போதும் என்று சிரித்தான். பார்த்தவர்களும் சிரித்தார்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் தீபாவிடமே வந்து, பார்த்தோம் என்று துக்கம் விசாரிப்பது போல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கணவன் ஜெயகிருஷ்ணன், அவன் வேலை அவனுக்கு, அதையெல்லாம் வீட்டுக்குள் கொண்டு வராதே என்று பேப்பரைப் புரட்டிக்கொண்டே சொன்னான். மாமியார் அபிதகுஜாம்பாள் இன்னும் ஒரு படி மேலே போனாள். அந்த விஷயத்துக்கு அப்புறமும் இவளை எழுதச் சொன்னது யார் என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

அந்த வீட்டில் அதற்கு 'அந்த விஷயம்' என்றுதான் பெயர்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தீபா தன் முதல் கதையை ஒரு கதை ஆப்பில் தொடராக எழுதினாள். பத்ரி அதை எடுத்துப் பேசி ஐந்துக்கு நாலரை கொடுத்தான். 'இந்தக் கை ஓய்ந்தால் தமிழ் வாசகன் பட்டினி கிடப்பான்' என்று முடித்தான். நாற்பத்திரண்டு வயதில் முதல் முறையாக ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை. சப்பாத்தி இடும்போதும், ஸ்கூட்டியில் சிக்னலில் நிற்கும்போதும் அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

அடுத்த வாரமே தாம்பரத்திலிருந்து ஒரு பதிப்பகத்தார் போன் செய்தார்கள். புத்தகம், விருது விழா, வெப் சீரிஸ் என்று பேசினார்கள். முதலில் ஆசிரியர் பங்கு, அப்புறம் விளம்பரப் பங்கு, அப்புறம் விழாப் பங்கு என்று பணம் கேட்டார்கள். அம்மா போட்டு அனுப்பிய இரட்டை வடச் சங்கிலி அடகுக்குப் போனது. விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள், கையில் கேடயம் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். புத்தகம் என்று வீட்டுக்கு வந்தது ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே பாதிப் பிரதிகளில் பக்கங்கள் தலைகீழாக ஒட்டியிருந்தன. எந்தக் கடைக்கும் அது போகவில்லை. சங்கிலியும் திரும்பவில்லை.

அதற்கப்புறம் தீபா தெரியாத எண் எதையும் எடுப்பதில்லை. இரண்டாவது நாவலைத் தன் செலவிலேயே போடுகிறேன் என்று விழுப்புரத்திலிருந்து ஒரு வயதான பதிப்பாளர் வந்தபோது, அவரைக் குடைந்து எடுத்துவிட்டாள். கடைசியில் அவர், நான் சம்பந்தம் பேச வரலைம்மா, புஸ்தகம் போட வந்திருக்கேன் என்று கும்பிட்டார். இத்தனை ஜாக்கிரதையாக இருந்தவள் ஒன்றை மட்டும் செய்யவில்லை. ஏமாந்ததை வெளியே யாரிடமும் சொல்லவில்லை. கேடயமும் கையுமாகச் சிரிக்கும் அந்தப் படம் இன்னும் அவள் பேஸ்புக் பக்கத்திலேயே இருந்தது. எடுத்தால் ஏன் என்று கேட்பார்களே.

கூடத்தில் ஹோமப் புகை சுழன்றது. ஜெயகிருஷ்ணனும் பத்ரியும் பஞ்சகச்சத்தில் பக்கம் பக்கமாக உட்கார்ந்து, சாஸ்திரிகள் சொல்லச் சொல்ல மந்திரம் சொன்னார்கள். திவசப் பிராமணர்களுக்கு இலை போட்டாயிற்று. தீபா பரிமாறினாள். சாப்பிட்டவர்கள் கை அலம்ப எழுந்த நேரத்தில் வாசல் கேட் சத்தம் கேட்டது.

மாமியார் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் சரியில்லை. யாரோ ஒரு பெண், கோவளம் பக்கமாம், மீன்காரர் வீட்டுப் பெண்ணாம், உன்னைத்தான் கேட்கிறாள் என்றாள். திவசத்தன்று உள்ளே வரக்கூடாது, கேட்டுக்கு வெளியேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன், சட்டென்று பேசி அனுப்பு என்றாள்.

கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றவளுக்கு இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயசிருக்கும். சுடிதார், தோளில் பை, மார்போடு ஒரு பிளாஸ்டிக் பைல்.

"நீங்கதான தீபலட்சுமி அக்கா? போன் போட்டுகினே இருந்தேன், நீங்க எடுக்கல. புக்குல அட்ரஸ் போட்டு கீது. அதான் நேரா வந்துட்டேன்."

பெயர் சத்யப்ரியா. அப்பா சின்னதம்பி கடலுக்குப் போகிறவர். அம்மா மீன் விற்கிறாள். இவள் கேளம்பாக்கத்தில் ஒரு செல்போன் கடையில் பில் போடுகிறாள், ராத்திரியில் அதே கதை ஆப்பில் பேய்க்கதை எழுதுகிறாள். கடலில் காணாமல் போனவர்கள் ஒவ்வொருவராகக் கரைக்குத் திரும்பி வருகிற கதை. தாம்பரத்தில் ஒரு பதிப்பகம் அதைப் புத்தகமாகப் போடுகிறேன் என்கிறது. இன்று மத்தியானம் கையெழுத்து.

எந்தப் பதிப்பகம் என்று தீபா கேட்டாள். கேட்காமலே தெரிந்திருந்தது.

"உங்க படந்தாங்க்கா அவங்க விளம்பரத்துல மொதல்ல வருது, ஷீல்டு வெச்சிகினு. அதான் உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு. எங்கப்பா படகு இன்ஜின அடகு வெச்சி துட்டு குடுக்கிறேன்றாரு. இன்ஜின் இல்லன்னா அவரு எப்டி கடலுக்குப் போவாரு. எனக்கு பயமா கீது."

அவர்களுக்கு உன் கதை எப்படித் தெரிந்தது என்று தீபா கேட்டாள். சத்யப்ரியாவின் முகம் மலர்ந்தது. ஒரு விமர்சகர் சார் அவர் சேனலில் தன் கதைக்கு நாலரை நட்சத்திரம் போட்டார் என்றாள். அவர்தான் அப்புறம் மெசேஜில் பேசி, இது நம்பிக்கையான இடம், கூப்பிடுவார்கள், பேசுங்கள் என்றாராம். அவர் சொன்ன கடைசி வரியை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். கொஞ்சம் வெட்கத்தோடு, சுத்தமான தமிழில் ஒப்பித்தாள்.

"இந்தக் கை ஓய்ந்தால் தமிழ் வாசகன் பட்டினி கிடப்பான்."

ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

தீபா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பேச வாய் எடுத்த நேரத்தில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. காக்கைக்கு வைக்கும் சாதத்தை இலையில் ஏந்திக்கொண்டு பத்ரி வந்தான். நெற்றி நிறைய விபூதி, ஈரத் தலை. கேட்டருகே நின்றவளைப் பார்த்ததும் அவன் நடை ஒரு கணம் தடுமாறியது. ஒரே ஒரு கணம்தான்.

"சத்யப்ரியாதானே? இவங்க என் மன்னிதான். இவங்க முதல் புக்கும் அங்கதான் வந்தது" என்றான், சேனலில் பேசுகிற அதே குரலில். "மன்னி, நீங்களே சொல்லுங்களேன். நல்லா பண்ணிக் கொடுத்தாங்க இல்ல?"

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. சாஸ்திரிகள் ஆசீர்வாதத்துக்குக் காத்திருக்கிறார், தம்பதியாக நமஸ்காரம் பண்ண வேண்டும், அங்கே என்ன பேச்சு என்று.

சத்யப்ரியா தீபாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்ரியும் பார்த்தான்.

"ம்" என்றாள் தீபா.

இரண்டு வருஷமாக அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் சொல்லிப் பழகிய 'ம்'. அது வெளியே வந்த பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. சத்யப்ரியாவின் தோள்கள் தளர்ந்தன. ரொம்ப நன்றி, இனி தைரியமாகப் போய்க் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லி, பத்ரிக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டுத் தெருமுனைக்கு நடந்தாள். ஒரு வாய் தண்ணீர்கூட யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை.

பத்ரி மதில் மேல் சாதத்தை வைத்து, கா கா என்று கூப்பிட்டான்.

சாஸ்திரிகள் காலில் விழுந்து எழுந்து, அட்சதை வாங்கிக்கொண்டு, உள்ளறைக்குக் கணவன் பின்னாலேயே போனாள் தீபா. கதவைச் சாத்தினாள்.

"என்னை அந்த இடத்துல மாட்டி விட்டது பத்ரி. உங்களுக்குத் தெரியுமா?"

ஜெயகிருஷ்ணன் பஞ்சகச்சத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. பத்ரியா, அப்படியா, யார் சொன்னது, எதுவும் கேட்கவில்லை. அதுவே போதுமாயிருந்தது.

"தெரியும்" என்றான்.

எப்போதிலிருந்து என்று கேட்டாள். அவன் சொன்னான். அன்று சங்கிலிக்காகச் சண்டை போடப் போனானே, போய் வந்து ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது என்றானே, அன்றிலிருந்தே. ஆபீஸ் பூட்டிக் கிடக்கவில்லை. உங்கள் தம்பிதான் ஆள் அனுப்புகிறார், அவரையே கேளுங்கள் என்று அங்கே இருந்தவன் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். பத்ரியைக் கேட்டதற்கு, ஆமாம், ஒவ்வொருவருக்கும் ஏதோ தருவார்கள், மன்னி விஷயத்தில் இவ்வளவு கறப்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை, இனிமேல் செய்ய மாட்டேன் என்றிருக்கிறான்.

"அப்பா அப்பத்தான் போயிருந்தார். அம்மா கிடந்த கிடப்பு உனக்கே தெரியும். சொல்லியிருந்தா வீடு ரெண்டா போயிருக்கும் தீபா."

"நான் ரெண்டா போனேனே."

அவன் வேஷ்டியின் முனையை மடித்து மடித்து நீவினான்.

அவள் இன்னொன்று கேட்டாள். அப்படியானால் பத்ரி தன் கதையைப் பற்றி அன்றைக்குச் சொன்னது? ஜெயகிருஷ்ணனுக்குக் கேள்வியே புரியவில்லை. அதில் என்ன இருக்கிறது, போனது சங்கிலிதானே என்றான்.

சங்கிலி போனதற்கு அவள் அழுது தீர்த்தாகிவிட்டது. ஆனால் அந்த ஒரு வரி மட்டும் தன்னுடையது என்று நினைத்திருந்தாள். கேடயம் பொய், விழா பொய், எல்லாம் பொய்யாகட்டும், அந்த வரி நிஜம் என்று பிடித்துக்கொண்டுதான் இரண்டாவது நாவலையே எழுதி முடித்தாள். அதுதான் தூண்டில் முள்ளில் குத்தியிருந்த புழு. அதே புழுவைத்தான் கோவளத்துப் பெண்ணுக்கும் குத்தியிருக்கிறான். புதுப் புழு பிடிக்கக்கூட மெனக்கெடவில்லை.

மடிசாரை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கையில் கிடைத்த புடவையைச் சுற்றிக்கொண்டாள். கூடத்தில் வீட்டு மனிதர்களுக்கு இலை போட்டிருந்தது. பத்ரி உட்கார்ந்துவிட்டிருந்தான். கைப்பையோடு வந்தவளைப் பார்த்து மாமியார் திகைத்துப் போனாள். இலை போட்டாச்சு, திவசத்தன்று ஆத்து மாட்டுப்பெண் சாப்பிடாமல் வாசப்படி தாண்டினால் பித்ருக்கள் சபிப்பார்கள் என்றாள்.

பித்ருக்கள் சாப்பிட்டாயிற்று, குறை ஒன்றும் வைக்கவில்லை என்றாள் தீபா.

"மன்னி" என்றான் பத்ரி, இலையைப் பார்த்தபடியே. "நான் யாரையும் கையைப் பிடிச்சு இழுக்கல. எழுத்தாளர்னு பேர் வாங்கணும்னு பறக்கறவங்கதான் போனாங்க. நீங்களும்தான்."

அவள் நின்று அவனைப் பார்த்தாள். பின்னால் ஜெயகிருஷ்ணன் உள்ளறை வாசலில் நின்றான். தம்பியை ஒரு வார்த்தை சொல்வான் என்று ஒரு கணம் எதிர்பார்த்தாள். அவன் சொல்லவில்லை. தீபா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

ஆட்டோவில் போகும்போது, போனில் எடுக்காமல் விட்ட அழைப்புகளைத் தேடி அந்த எண்ணுக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இப்போது அந்தப் பக்கம் எடுக்கவில்லை. கேம்ப் ரோடு தாண்டுவதற்குள் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தாள். சானடோரியம் பக்கம் டிராபிக்கில் ஆட்டோ ஊர்ந்தது. ஒரு சின்ன 'ம்'. அதை விழுங்கியிருந்தால் இந்த ஓட்டம் இல்லை.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது அந்த ஆபீஸ். படியேறி உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவர் முழுக்க எழுத்தாளர்களின் படங்கள். ரிட்டயரான வாத்தியார்கள், இல்லத்தரசிகள், ஒரு போலீஸ்காரர். எல்லோர் கையிலும் அதே கேடயம். நடுவில் எல்லோரையும்விடப் பெரிதாக, பொன்னாடையில் பூரித்துப்போய், அவள்.

மேஜைக்கு இந்தப் பக்கம் சத்யப்ரியா. கையில் பேனா. முன்னால் ஒப்பந்தத் தாள். அந்தப் பக்கம் இருந்தவன் நல்ல இஸ்திரி போட்ட சட்டையில் எழுந்து நின்று, வாங்க மேடம், நம்ம ஆத்தரே வந்துட்டாங்க என்று இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

தீபா உட்காரவில்லை.

"சத்யா, கையெழுத்துப் போடாதே. அந்தப் படத்துல இருக்கறது நான்தான். என்னை ஏமாத்திட்டாங்க. புக் எந்தக் கடைக்கும் போகல. நகை போச்சு. காலைல நான் உன்கிட்ட சொன்னது பொய்."

இரண்டு வருஷமாகத் தொண்டையில் கிடந்தது. சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அவன் சிரிப்பு மாறவில்லை. மேடம் ஏதோ மனக் கஷ்டத்தில் பேசுகிறார் என்று சத்யப்ரியாவிடம் இதமாகச் சொன்னான். பிறகு தீபாவின் பக்கம் திரும்பினான். குரல் மட்டும் தாழ்ந்தது.

"மேடம், நீங்க போட்ட ஒப்பந்தத்தைப் படிச்சீங்களா? அஞ்சு வருஷத்துக்கு நீங்க எழுதறது எல்லாம் முதல்ல எங்களுக்குத்தான். ரெண்டாவது நாவலை விழுப்புரத்துக்காரர்கிட்ட கொடுத்திருக்கீங்க. நம்ம ஆத்தராச்சேன்னு பெருந்தன்மையா விட்டிருந்தோம். இனிமே வக்கீல் பேசுவார். உங்ககிட்டயும், அந்தப் பெரியவர்கிட்டயும்."

அந்தப் பெரியவரைத் தான் குடைந்து குடைந்து கேட்டதெல்லாம் தீபாவுக்கு நினைவு வந்தது. அவரைப் பற்றி அத்தனை விசாரித்தாள். தன் கழுத்தில் ஏற்கெனவே ஒரு கயிறு கிடப்பதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவேயில்லை. கயிறு இருப்பது அவளுக்கே தெரியாது.

சத்யப்ரியா பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். பைலை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரையும் பார்க்காமல் படியிறங்கினாள்.

தீபா சுவரிலிருந்து தன் படத்தைக் கழற்றப் போனாள். ஆணி இல்லை. முதுகோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். இழுத்தாள். வரவில்லை. அப்படியே விட்டுவிட்டுக் கீழே ஓடினாள்.

பஸ் ஸ்டாண்டில் மகாபலிபுரம் பஸ் நிற்கும் இடத்தில் சத்யப்ரியா நின்றாள். தீபா பக்கத்தில் போனதும் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருக்கவில்லை. கொதித்தது.

"காலைல கேட்டப்பவே சொல்றதுக்கு இன்னா?"

தீபா சொல்லப் பார்த்தாள். வீட்டில் திவசம், மாமியார், கொழுந்தன், புருஷன். வரிசையாக வந்த காரணங்களில் எதை எடுத்துக் கொடுத்தாலும் அது அந்தப் பெண்ணின் அப்பாவுடைய இன்ஜினுக்கு ஈடாகாது.

பயம் என்றாள்.

"உனக்கு இன்னா பயம்? இன்ஜின் எங்கப்பாவுது."

நீங்க, அக்கா எல்லாம் போய்விட்டது. தீபாவுக்கு அது வலிக்கவில்லை. சரியாகத்தான் இருந்தது.

பஸ் வந்தது. சத்யப்ரியா ஏறினாள். தீபா யோசிக்கவில்லை, தானும் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி பெருங்களத்தூர் தாண்டும் வரை சத்யப்ரியா ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டலூரில் பஸ் கிழக்கே திரும்பியபோது, வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"அப்ப அந்த சார் சொன்னதும் பொய்யா? நான் எழுதறது நல்லா கீதுன்னு சொன்னாரே."

தீபாவுக்குப் பதில் தெரியவில்லை. தன் கதையைப் பற்றிய அதே கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் இந்த பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறாள். தெரியாது, படித்தால்தான் சொல்ல முடியும் என்றாள். சத்யப்ரியா பைலைத் திறந்து, பிரிண்ட் எடுத்த தாள்களைத் தீபாவின் மடியில் வைத்துவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தீபா படித்தாள். முதல் பக்கம் முழுக்க நிலவு. வெள்ளித் தட்டு நிலவு, அழும் நிலவு, கடலோடு கதை பேசும் நிலவு. எங்கெங்கோ படித்ததை எடுத்து ஒட்டியது போலிருந்தது. இவ்வளவுதானா என்று மனசு விழுந்தது. பக்கத்தைத் திருப்பினாள்.

இரண்டாவது பக்கத்தில் ஒரு அம்மா விடியலில் மீன் கூடையோடு கரைக்கு வருகிறாள். ஆறு மாசம் முன்னால் கடலோடு போன மகன் வலைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருக்கிறான். அவன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. மணல் நனையவில்லை. அம்மா அவனைத் தொடவில்லை, கத்தவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு, சாப்டியாடா என்கிறாள்.

மத்தியான வெயிலில், கண்டக்டரின் விசிலுக்கும் சில்லறைச் சத்தத்துக்கும் நடுவில் தீபாவின் கை மயிர்கள் சிலிர்த்து நின்றன.

பொய்யாக ஒரு வார்த்தை பாராட்டினால் இந்தப் பெண் அழுதுவிடுவாள், தன்னை மன்னித்தும்விடுவாள் என்று தெரிந்தது. அந்த வார்த்தையை வாயருகே வரவிட்டு, விழுங்கினாள்.

"முதல் பக்கம் வேண்டாம். தூக்கிப் போட்டுடு. கதை ரெண்டாம் பக்கத்துலதான் ஆரம்பிக்குது."

சத்யப்ரியா வெடுக்கென்று திரும்பினாள்.

"மொத பக்கம்தான் சூப்பர்னு அந்த சார் சொன்னாரு."

"அவர் முதல் பக்கம் மட்டும்தான் படிச்சிருப்பார்" என்றாள் தீபா.

சொல்லி முடித்த பிறகுதான் அது தன் கதைக்கும் சேர்த்துச் சொன்னது என்று தோன்றியது. சத்யப்ரியா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பொய் இருக்கிறதா என்று தேடுகிற பார்வை. பிறகு தாள்களைக் காட்டி, மேலே படி என்பது போல் தலையசைத்தாள். சிரிக்கவில்லை.

மூன்றாம் பக்கத்தைத் திருப்பும்போது தீபாவின் போன் மடியில் அதிர்ந்தது. ஜெயகிருஷ்ணன் இல்லை. பத்ரி. தாம்பரத்து ஆபீஸிலிருந்து அவனுக்குத் தகவல் போயிருக்கும். என்ன பேசப் போகிறான், கெஞ்சுவானா, வக்கீலைக் காட்டி மிரட்டுவானா, தெரியவில்லை.

திரையில் மின்னிய பெயரை சத்யப்ரியாவும் படித்துவிட்டாள்.

தீபா அழைப்பை எடுத்தாள். ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தி, போனை இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்தாள்.

"சொல்லு பத்ரி."